கவிழ்த்து வைத்த சப்பாத்து

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சுமதி தொலைபேசியில் கூப்பிட்டாள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களுக்குச் சப்பாத்து செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிற பெண் அவள். அங்கே காலைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, அதற்குத் தக்க அடித்தட்டை இயந்திரத்திலேயே வார்த்து எடுக்கிறார்கள். நான் வேலையை நிறுத்திய பிறகு என்னுடைய வாடிக்கையாளர்களை அங்கேதான் அனுப்புகிறேன். அவளுடைய பெயரைத் திரையில் பார்த்தாலே, யார் காலுக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும்.

"அங்கிள், நீங்க அனுப்புன ஒரு அம்மா வந்திருக்காங்க லா," என்றாள். "புது சப்பாத்த கையில கொடுத்தோம். போட்டுப் பாக்கல. பையிலேருந்து ஒரு குச்சி எடுத்தாங்க, முனையில பஞ்சு. அத உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி வெளிச்சத்துல பாத்தாங்க. அப்புறம் சப்பாத்தக் கவுத்து மேசை மேல வெச்சிட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. கேட்டா பதில் இல்ல. கோவமா அங்கிள்?"

"எந்தக் காலு சப்பாத்து?"

"லெஃப்ட்."

"கோவம் இல்லம்மா. அதுக்குள்ள ஏதோ இருக்கு. தேடு."

தங்களிடம் ஆணியே கிடையாது, எல்லாம் பசையும் நுரைத்தட்டும்தான், குத்துவதற்கு உள்ளே எதுவுமே இல்லை என்று அவள் சொன்னாள். இருந்தாலும் தேடு, கிடைத்ததும் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா கொண்டுவந்து வைத்த கோப்பி பக்கத்திலேயே இருந்தது. குடிக்க முடியவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் மனதில் ஓடியதைத்தான் எழுதித் தரும்படி சுமதி பிறகு கேட்டாள், தன்னுடன் வேலை செய்பவர்கள் படிக்கட்டும் என்று. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அவளே திருத்திக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். அப்பா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். எனக்குக் காட்டுக்குள் போகப் பயம். பாம்புக்குப் பயம், மின்னலுக்குப் பயம், வேலை வாங்கும் மண்டோரின் குரலுக்கு அதைவிடப் பயம். இவன் தோட்டத்துக்கு ஆக மாட்டான் என்று அப்பாவே முடிவுசெய்து, கோலா சிலாங்கூரில் ஒரு சீனர் நடத்திய சப்பாத்துக் கடையில் கொண்டுபோய் விட்டார். முதல் இரண்டு வருஷம் நூலுக்கு மெழுகு பூசினேன், தோலை ஊற வைத்தேன், கடையைக் கூட்டினேன். அடுத்த மூன்று வருஷத்தில் வெட்டவும் தைக்கவும் கை பழகியது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையைக் குத்திக்கொள்ளாத நாள் குறைவு.

முதலாளி சீக்கிரமே காலமாகிவிட்டார். கடையை அவருடைய மனைவி எடுத்து நடத்தினார். நாங்கள் எல்லோரும் அவரை ஆசோ என்று கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி ஆசோ தமிழ் பேசுவார், ஆனால் பேச வேண்டிய அவசியம் இருந்தால்தான். திட்டவே மாட்டார். ஒரு சப்பாத்தில் பிழை இருந்தால் அதை எடுத்துவந்து என் முக்காலியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். என்ன பிழை, எங்கே பிழை என்று சொல்வதில்லை. நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கவிழ்ந்த சப்பாத்தைப் பார்த்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவேன். குதிகாலில் ஒரு தோலடுக்கு குறைந்திருக்கும், அல்லது ஒரு தையல் மற்றதைவிட நெல் அளவு நீண்டிருக்கும். கண்டுபிடித்துத் திருத்தி நிமிர்த்தி வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்.

ஒருமுறை ஒரு தோட்டத்துத் துரைக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ் தைத்தோம். மதியம் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், வலது பூட்ஸ் என் முக்காலியில் கவிழ்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் உள்பக்கத் தையல் கொஞ்சம் கோணலாக இருப்பதுபோல் பட்டது. ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து மறுபடி தைத்தேன். ஆசோ வந்து பார்த்தார்.

"ஏன் பிரிச்ச?"

"நீங்க கவுத்து வெச்சிருந்தீங்க."

அவர் மேலே கையைக் காட்டினார். என் முக்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒழுகிய ஈரம் தெரிந்தது. நான் சாப்பிடப் போனபோது பெய்த மழையின் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கக் கவிழ்த்திருக்கிறார். பிறகு பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி விட நல்லா இருக்கு," என்றார். பதினேழு வருஷத்தில் ஆசோ என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் கூரையின் புண்ணியத்தில்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் சப்பாத்து எப்படி உருவாகிறது என்று சொல்லிவிட வேண்டும். மரத்தில் செதுக்கிய கால் அச்சின் அடியில் முதலில் அடித்தோலை வைப்போம். மேல் தோலை அச்சின்மேல் போர்த்தி, குறட்டால் இழுத்து இழுத்து, அடித்தோலோடு சேர்த்துச் சிறு ஆணிகளால் அச்சில் அறைவோம். ஆணிகள் வாயில் இருக்கும். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து எடுத்து அடிப்போம். சுற்றிலும் தைத்து முடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அச்சை வெளியே இழுப்போம். அந்த நேரத்தில் சப்பாத்தின் உள்ளே வெறும் அடித்தோல்தான் இருக்கும். அதன்மேல் மெத்தையும் மெல்லிய உள்தோலும் ஒட்டினால் வேலை முடிந்தது.

ஒட்டுவதற்கு முன்னால் ஆசோ வந்துவிடுவார். கையில் ஒரு பிரம்புக் குச்சி, அதன் முனையில் இலவம் பஞ்சு. சப்பாத்துக்குள் விட்டு ஓரத்தோடு ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று. பஞ்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு தலையாட்டுவார், ஒட்டலாம் என்று. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மேசையைத் துடைக்கும் மனுஷி அவர். அதனால் தூசி எடுக்கிறார் என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

ஆசோ வயதாகி, கடையை மூடிவிட்டுக் கிள்ளானில் மகன் வீட்டுக்குப் போனார். போகும்போது அச்சுகள் எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால் சும்மா கொடுத்தார். அந்தக் குச்சியையும் அச்சு மூட்டையின் மேல் செருகி வைத்திருந்தார். புக்கிட் ரோத்தானில் என் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலை ஆரம்பித்தேன். அதற்குள் துரைமார்களும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிமார்களும் கடைச் சப்பாத்துக்கு மாறிவிட்டார்கள். கடைச் சப்பாத்து பொருந்தாத கால்காரர்கள் என்னிடம் வந்தார்கள். ஒரு கால் குட்டையானவர்கள், இளம்பிள்ளை வாதத்தில் பாதம் திரும்பியவர்கள். அவர்களால்தான் என் இரண்டு பெண்களும் படித்தார்கள்.

கொஞ்ச நாள் பஞ்சுக் குச்சியையும் பயன்படுத்தினேன். பிறகு வெள்ளை நைலான் பிரஷ் ஒன்று வாங்கினேன். தூசி அதில் இன்னும் நன்றாகப் போயிற்று. மீதி இலவம் பஞ்சை ஸ்டெல்லா தலையணைக்குள் அடைத்துவிட்டாள்.

என் பயத்துக்கு நான் வேறு வழி வைத்திருந்தேன். ஆணிகளை எண்ணுவேன். ஒரு சப்பாத்துக்கு இருபத்திரண்டு அடித்தால், பிடுங்கிய பிறகு இருபத்திரண்டை எண்ணித்தான் பால் டின்னுக்குள் போடுவேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஸ்டெல்லா கேலி செய்வாள். ஜெபமாலையைக்கூட இவர் இப்படி உருட்ட மாட்டார் என்று மாதா கோயில் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படியும் எப்போதாவது ஒருவருக்குக் குத்தும். மறுநாளே கொண்டுவந்து காட்டுவார்கள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பேன். கால்தான் சொல்லிவிடுமே என்ற தைரியம்.

சொல்லாத காலோடு ருக்மணி அக்கா வந்தார்.

சபாக் பக்கம் ஒரு தோட்டம். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கியே முதுகு வளைந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இனிப்பு நீர் முற்றி இடது காலில் இரண்டு சிறு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லை. தகுந்த சப்பாத்து போடாமல் இன்னொரு புண் வந்தால் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லோரி ஓட்டும் மகன் சேகர் அழைத்துவந்திருந்தான்.

அக்கா உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, நான் வந்தது ரெண்டு காலோட. போறதும் ரெண்டு காலோடதான். அதுக்குத் தகுந்த மாதிரி தைச்சுக் கொடு."

காலைக் காகிதத்தில் நிற்க வைத்து வரைந்தேன். காகிதப் பட்டையால் பாதத்தை ஆறு இடத்தில் சுற்றி அளந்தேன். அச்சின்மேல் தோல் துண்டுகளை ஒட்டிச் செதுக்கி, அவருடைய காலைப்போலவே ஆக்கினேன். எடுத்த விரல்களின் இடத்தை நுரையால் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கே சறுக்கும். பாதி வேலையில் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன், இறுக்குதா, இடிக்குதா என்று. எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு தம்பி" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பதிலுக்கு அர்த்தமே இல்லை என்று. பத்து நிமிஷம் நடக்கவிட்டுக் கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். சிவந்த இடத்தைத் தளர்த்தினேன். இப்படி மூன்று முறை. அத்தனை கவனமாக நான் எந்தச் சப்பாத்தும் செய்ததில்லை. அச்சிலிருந்து எடுத்ததும் ஆணிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு. பிரஷ் போட்டேன், விரலால் தடவிப் பார்த்தேன், மெத்தையை ஒட்டினேன், கொடுத்தேன்.

எட்டாம் நாள் காலையில் நல்ல மழை. வேலை இல்லை. டின்னைக் கொட்டி, வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மறுபடி பயன்படுத்த வேண்டுமே. ஓர் ஆணி விரலுக்கு அகப்படாமல் நழுவியது. எடுத்துப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. தலை இருக்கிறது, முனை இல்லை. உடைந்த இடம் துரு ஏறாமல் பளபளவென்று இருந்தது.

நான் இவ்வளவு காலம் எண்ணியது தலைகளைத்தான்.

அந்த எட்டு நாளில் ஆணி பிடுங்கியது இரண்டு சோடி. ஒன்று தபால்காரர் ஒருவருடையது. அவருக்குக் குத்தியிருந்தால் அன்றைக்கே வந்து நின்றிருப்பார். இன்னொன்று ருக்மணி அக்காவுடையது. அக்காவிடம் தொலைபேசி கிடையாது. சேகரைக் கூப்பிட்டேன். அவன் லோரியோடு கிள்ளானில் இருந்தான்.

"அம்மாவா? சூப்பரா இருக்காங்க அங்கிள்," என்றான். "சப்பாத்து போட்டதுலேருந்து வீட்டுல இருக்குறதே இல்ல லா. இன்னிக்கிக் கோயில்ல அன்னதானம், காலையிலேருந்து நின்னு சமைக்கிறாங்க. வலியே இல்லன்னு சொல்றாங்க."

வலியே இல்லை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் சேகரிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அது தப்பு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டெல்லாவிடம் ஆணியைக் காட்டினேன். எதற்கெடுத்தாலும் கேலி செய்பவள் அன்றைக்கு மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மோட்டார் சைக்கிளில் போனேன். தஞ்சோங் காராங் தாண்டி வயல் வெளிகளுக்கு நடுவே முன்னால் ஒரு லோரி, அதைத் தாண்டவும் பயம், பின்னால் போகவும் பொறுமை இல்லை. மணிக்கணக்காகப் போவதுபோல் இருந்தது. ஆண்டவரே, அந்த முனை தரையிலே விழுந்திருக்கட்டும், என் வீட்டுத் தரையிலே விழுந்து என் காலில் குத்தட்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

கோயில் சுவருக்கு வெளியே தகரக் கொட்டகையில் சமையல். அக்கா பெரிய அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நின்றார், என் சப்பாத்தோடு. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள், சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றேன். காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "என்னா ருக்கு, வாடகைச் சப்பாத்தா? ஆளு புடுங்கிட்டுப் போக வந்துட்டாரு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.

வெள்ளைக் காலுறையின் ஓரத்தில் ஐந்து காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. கழற்றினேன். விரல் எடுத்த இடத்துக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில் சின்னதாய் ஒரு துளை. சுற்றிலும் சிவப்பு.

"எறும்பு கடிச்சிருக்கும்," என்றார் அக்கா.

சப்பாத்துக்குள் கையை விட்டு மெத்தையைப் பலமாக அழுத்தினேன். ரவை அளவுக்கு ஏதோ நெருடியது. மிதிபட்டு மிதிபட்டு மெத்தை அமுங்க, அடியில் நின்ற முனை மேலே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் காய் வெட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "எறும்பு இல்லக்கா. நான்தான். என் ஆணி."

அக்கா காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ வரலன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அப்ப ஏன் நிக்கிற? வண்டியப் புடி."

கோயில் தலைவரின் மோட்டார் காடியில் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் புண்ணைத் திறந்து கழுவினார். எலும்புக்குப் போகவில்லை என்றார். ஆனால் இந்தக் காலுக்கு இப்போது எந்த உறுதியும் சொல்ல முடியாது, மூன்று வாரம் போகட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், பாதத்தை ஊன்றக் கூடாது என்றார். சாயங்காலம் சேகர் வந்தான். நானே சொன்னேன். அவன் கத்தவில்லை. "காலு போச்சுன்னா நான் உங்கள சும்மா விட மாட்டேன் அங்கிள்," என்றான். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அவனுக்கு லோரி ஓட்டம். அதனால் கட்டு மாற்ற நானே அழைத்துப் போகிறேன் என்றேன். மைத்துனரின் காடியை வாங்கிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சபாக் போனேன். கொட்டகையைத் திறக்கவில்லை. உள்ளே அக்காவுக்கு நர்ஸ் மிசி கட்டுப் பிரிப்பார், நான் எதிர்க் கோப்பிக் கடையில் கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருப்பேன். சிவப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அதைத் தொட மாட்டேன். ஆறிப்போன கோப்பியைத்தான் ஒவ்வொரு நாளும் குடித்தேன். அக்கா அதைக் கவனித்திருக்கிறார்.

காடியில் போகும்போதும் வரும்போதும் அக்கா என்னைப் பேச வைத்தார். பேசாவிட்டால் நான் வண்டியைக் கால்வாயில் விட்டுவிடுவேன் என்று அவருக்குப் பயமாம். அப்படித்தான் ஆசோ கதையைச் சொன்னேன். கவிழ்த்து வைக்கிற சப்பாத்து, ஒழுகின கூரை எல்லாம். அக்கா அந்தக் கூரைக் கதையை மூன்று முறை சொல்லச் சொன்னார். பஞ்சுக் குச்சியைப் பற்றிச் சொன்னபோதுதான், "தூசிக்கு எதுக்குப் பஞ்சு? துணி போதாதா?" என்று கேட்டார்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவின் தலையணையைப் பிரித்தேன். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றினேன். அக்காவின் சப்பாத்தில் மெத்தையை உரித்துவிட்டு அடித்தோலில் ஒரு சுற்று விட்டேன். ஓரத்தில், விரல் நுழைந்தாலும் தெரியாத மூலையில், மூன்று வெள்ளை இழைகள் மாட்டிக்கொண்டு நின்றன. விரலால் அதே இடத்தை, கொடுப்பதற்கு முன் தடவியதுபோலவே, தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் மெழுகு நூல் இழுத்த விரல்.

கிள்ளானுக்குத் தொலைபேசி போட்டேன். ஆசோவின் மருமகள் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"ஆசோ, அந்தப் பஞ்சு தூசிக்கு இல்லியா?"

"தூசியா?" என்றார். "ஆணி பாக்கறது. கைக்குக் காய்ப்பு இருக்கு. பஞ்சுக்கு இல்ல."

"நீங்க சொல்லவே இல்லியே ஆசோ."

"நீ கேக்கவே இல்ல." பிறகு, "யாருக்குக் குத்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். கால் இருக்கிறதா என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். தெரிந்ததும் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டு நாளும் அவரே கூப்பிட்டுக் கேட்டார், பேசவே கஞ்சத்தனம் பண்ணுகிறவர்.

இரண்டாம் வாரம் சிவப்பு கொஞ்சம் பரவிவிட்டது. மருந்தை மாற்றினார்கள். அந்த வாரத்தில் நான் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மிசி கதவைத் திறந்து என்னை உள்ளே வரச் சொன்னார். புண் ஓரத்திலிருந்து மூட ஆரம்பித்திருந்தது. இளஞ்சிவப்பில் புதுத் தோல். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, கால் தப்பித்தது என்றார். நான் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அக்கா உள்ளேயிருந்து, "தம்பி, கோப்பி ஆறப்போவுது," என்று குரல் கொடுத்தார்.

போகிற வழியில் சொன்னேன், இனி உணர்ச்சியில்லாத காலுக்குச் சப்பாத்து செய்ய மாட்டேன் என்று. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது. அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாக அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"அப்ப என் கால யாரு பாத்துக்குவா? தப்பே பண்ணாதவன நான் எங்க போயித் தேடுவேன்? ஒன்னய மாதிரி பயந்தவன்தான் எனக்கு வேணும். பஞ்ச விட்டுப் பாரு, பாத்துட்டுத் தைச்சுக் குடு."

தைத்துக் கொடுத்தேன். அடித்தோலில் பஞ்சு விட்டேன், மெத்தை ஒட்டியபிறகு மறுபடி விட்டேன். சப்பாத்தை வாங்கிக்கொள்ளும்போது அக்கா குச்சியைக் கேட்டு வாங்கி, தானே ஒரு சுற்று விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், ஆசோவைப்போலவே. அதன்பிறகு தனக்கென்று ஒரு குச்சி செய்துகொண்டார். அவர்கள் தோட்டத்துச் சாலையோரம் ஓர் இலவ மரம் நிற்கிறது. எனக்கும் வருஷத்துக்கு ஒரு பை பஞ்சு வரும், சேகரின் லோரியில். அவன்தான் எனக்குக் கூடுதலாக வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தவன். அவன் அழைத்துவந்தவர்களில் பாதிப் பேர் உணர்ச்சியில்லாத காலோடு வந்தவர்கள். அவர்களுடைய சப்பாத்துகளில் எத்தனையோ முறை பஞ்சு இழை மாட்டியது. ஒருவருடைய காலிலும் குத்தவில்லை.

ஆசோ போய்ச் சேர்ந்து இப்போது சில வருஷம் ஆகிறது. அவர் எனக்கு எதையும் வாயால் சொன்னதில்லை. ஆனால் குச்சியை அச்சு மூட்டையின் மேலே, என் கண்ணில் படும்படிச் செருகி வைத்திருந்தார். கேட்காதது என்னுடைய குற்றம். குற்றத்தோடு வந்து நின்றவனுக்கு மறுபடியும் காலை நீட்டிய ருக்மணி அக்காவுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? என் பயம் எனக்குப் பெரிய சுமை. அதைப் பார்த்து, இதுதான் எனக்கு வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர். கண்ணில் புரை விழுந்து வேலையை நிறுத்தியபோது கடைசியாகத் தைத்ததும் அவருடைய சோடிதான். அந்தச் சோடி தேய்ந்த பிறகுதான் அவரைச் சுமதியிடம் அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து சுமதி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"கெடச்சிச்சு அங்கிள். முன்னால ஓரத்துல. அடித்தட்டு வார்க்கும்போது மிஞ்சி நின்ன பிளாஸ்டிக்கு, மீன் முள்ளு மாதிரி. விரலுக்குத் தெரியவே இல்ல. பஞ்சு நூலு ரெண்டு அங்க மாட்டி இருந்துச்சு, அத வெச்சுத்தான் கண்டுபுடிச்சோம். தேய்ச்சு எடுத்துட்டோம். அவங்களே மறுபடி பஞ்சு விட்டுப் பாத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சாரி அங்கிள்."

இதை என்னிடம் சொல்ல வேண்டாம், அந்த அம்மாவிடம் சொல் என்றேன். சொல்லிவிட்டாளாம். அதற்கு அவர், சாரி இருக்கட்டும், நாளையிலிருந்து குச்சி வைத்துக்கொள் என்றாராம். இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். சப்பாத்தை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்து பார்க்கிறார் என்றாள். பிறகு தொலைபேசியை அவரிடம் கொடுத்தாள். ஏறி இறங்கும் அந்த மூச்சைக் கேட்டேன்.

"தம்பி, ரெண்டு காலும் இருக்கு," என்றார் ருக்மணி அக்கா. "நீ கோப்பியக் குடி."